வீடும் விரயமும்

(மூன்று நாவல்களை முன்வைத்து)

தமிழ் முஸ்லிம் நாவல்களைப் பற்றி எழுத முற்படுவோர் வழக்கமாக இரண்டு கேள்விகளையே எழுப்பக் காண்கிறோம். இவை நம் சமுதாயத்தை உள்ளபடி காட்டுகின்றனவா என்பது ஒன்று. காட்டத் தகாததைக் காட்டிவிட்டனவா என்பது மற்றொன்று. நாவல் என்னும் இலக்கிய வகைக்கு இவ்விரண்டினும் நெருக்கமான மூன்றாவது கேள்வி ஒன்று கேட்பாரின்றிக் கிடக்கிறது. இந்நூல்களில் வரும் மக்கள் எவ்வாறு குடித்தனம் நடத்துகிறார்கள்? ஒரே கூரையின் கீழ் யார் யார் இருக்கிறார்கள்? அந்த வீட்டில் எது பேணப்படுகிறது, எது தொலைக்கப்படுகிறது? மிஞ்சிய சோறு யாருக்குப் போகிறது?

இக்கேள்வியை அற்பமானதென்று ஒதுக்குதல் கூடாது. குடும்பம் என்றால் இன்ன அமைப்பினதாகத்தான் இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் தளர்ந்து, பலவகைக் குடும்பங்களுக்கும் உரிய மதிப்பை அளிக்க வேண்டும் என்ற குரல் இன்று வலுத்து வருகிறது. மண்ணையும் நீரையும் அடுத்த தலைமுறைக்கு மிச்சம் வைக்கும்படி அன்றாட வாழ்வை அமைத்துக்கொள்ள வேண்டும் என்ற குரலும் அவ்வாறே. இவ்விரு குரல்களும் வெளியிலிருந்து வந்த புதுமைகள் என நம்மில் சிலர் கருதுகின்றனர். நம்முடைய நாவல்களை ஊன்றிப் படிப்பவர்க்கு அவ்வாறு தோன்றாது. இரண்டும் நம் வீட்டு முற்றத்திலும் அடுக்களையிலும் நெடுங்காலமாகத் தீர்ப்புக்குக் காத்துக் கிடக்கும் வழக்குகளே ஆகும்.

இக்கட்டுரைக்கென எடுத்துக்கொண்டவை மூன்று நாவல்கள். தோப்பில் முஹம்மது மீரான் எழுதி, முஸ்லிம் முரசு மாத இதழில் தொடராக வந்து, 1988-இல் நூலுருப் பெற்ற 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'. அவரே எழுதி, 1997-ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமி விருதைப் பெற்ற 'சாய்வு நாற்காலி'. சல்மா எழுதி 2004-இல் வெளிவந்த 'இரண்டாம் ஜாமங்களின் கதை'. முதலிரண்டும் தென்கோடிக் கடற்கரையைக் களமாகக் கொண்டவை. மூன்றாவது, கடலை விட்டு விலகிய உள்நாட்டுச் சிற்றூரின் கதை. இம்மூன்றையும் ஒருசேரப் படிக்கையில் ஓர் உண்மை புலனாகிறது. இந்நாவல்களின் வீடுகள் எதுவும் அதன் அமைப்பினால் அழியவில்லை. வீட்டைத் தாங்கி நின்ற மனிதர்களை விரயம் செய்ததனாலேயே அழிகின்றன. அவ்வாறு விரயம் செய்த வீட்டுக்குத் தன் பொருளையும் காத்துக்கொள்ள இயலவில்லை.

குடும்பத்தின் பல வடிவங்கள்

நம் இதழ்களில் காலங்காலமாக வந்துகொண்டிருக்கும் குடும்பக் கதைகளில் ஒரே ஒரு குடும்பமே திரும்பத் திரும்ப வருகிறது. உழைத்துப் பொருளீட்டும் வாப்பா, பொறுமையே உருவான உம்மா, சொற்கேளாப் பிள்ளை ஒருவன், சொற்கேட்கும் பிள்ளை ஒருத்தி. கதை முடிவதற்குள் சொற்கேளாதவன் திருந்திவிடுவான். இக்குடும்பம் நன்மையானதே, எனினும் நம் ஊர்களில் உள்ள குடும்பங்கள் எல்லாம் இவ்வச்சில் வார்க்கப்பட்டவை அல்ல.

காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மணமுடித்த மாப்பிள்ளை பெண் வீட்டிற்குச் சென்று வாழ்வது நெடுநாளைய வழக்கம். வீடு பெண்ணுக்குரியதாக இருப்பதால், கணவன் கடல் கடந்து போனாலும் இறந்தாலும் அவள் தங்க இடமின்றித் தெருவில் நிற்க நேர்வதில்லை. இலங்கையின் கிழக்குக் கரை முஸ்லிம்களிடையேயும் இதையொத்த வழக்கம் உண்டு. இதற்கு நேர்மாறாக, மணமான பெண் மாமியார் வீட்டிற்குச் சென்று கொழுந்தன்மாரும் ஓரகத்திகளும் நிறைந்த கூட்டுக் குடும்பத்தில் புகும் ஊர்களும் பல. சபுராளிகள் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பின்னர் வளைகுடா நாடுகளிலும் பிழைக்கப் போனதனால், ஆண்டுக் கணக்கில் பெண்களே தலைமை தாங்கி நடத்திய வீடுகளும் எண்ணற்றவை. கணவனை இழந்து தமையன் வீட்டில் பிள்ளையோடு ஒண்டியிருக்கும் தங்கை, மணமுறிவு பெற்றுத் தாயிடம் திரும்பிய மகள், பெற்றோர் இல்லாத பேரப்பிள்ளையை வளர்க்கும் மூதாட்டி, மணமாகாது உடன்பிறந்தார் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்த லாத்தா என்று எண்ணிப் பார்த்தால், ஒரு தெருவில் ஒரே மாதிரியான இரண்டு வீடுகளைக் காண்பது அரிது.

இதில் நாம் நாணுவதற்கு ஒன்றுமில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிறக்கும் முன்னரே தந்தையை இழந்தார்கள். செவிலித் தாய் ஹலீமாவிடம் பாலருந்தினார்கள். பாட்டனார் அப்துல் முத்தலிபிடமும், அவருக்குப் பின் பெரிய தந்தை அபூதாலிபிடமும் வளர்ந்தார்கள். அவர்கள் முதன்முதல் மணந்துகொண்ட கதீஜா நாயகி கணவனை இழந்தவர். சொந்தமாக வணிகம் நடத்தியவர். இந்த வரலாற்றைப் பெருமையோடு ஓதும் சமுதாயம், தன் தெருவில் இருக்கும் அநாதையையும் கைம்பெண்ணையும் குறைபட்ட குடும்பத்தினராகப் பார்ப்பது வியப்புக்குரியது.

தமிழில் முஸ்லிம்கள் எழுதிய நாவல்களுள் முன்னோடியான 'அசன்பே சரித்திரம்' (1885) கூட, பிறந்த வீட்டிலிருந்து பிரிக்கப்பட்டு வேற்றிடத்தில் வளரும் ஒரு பிள்ளையின் கதையாகவே அமைந்தது என்பது நினைவிற்கொள்ளத் தக்கது. கண்டியில் வாழ்ந்த சித்திலெவ்வை அவர்கள் அதனை வீரமும் வியப்பும் மிக்க கதையாக ஆக்கினார்கள். அதற்கு நூறாண்டு கழித்து வந்த மீரான், அத்தகைய பிள்ளையை நம் ஊர்த் தோப்பு வீட்டுக்குள்ளேயே கண்டார்.

வடக்கு வீட்டின் கணக்கு

'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யில் ஊரை ஆள்வது வடக்கு வீடு. அதன் தலைவர் அகமதுக்கண்ணு முதலாளியின் சொல்லே பள்ளிவாசலிலும் ஊரிலும் சட்டம். அவ்வீட்டின் நிழலில் அவருடைய தங்கை நூஹு பாத்திமாவும் அவள் மகன் பரீதும் வாழ்கிறார்கள். முதலாளியின் மகள் ஆயிஷாவும் பரீதும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். இவ்விருப்பத்தில் மார்க்கத்திற்கோ உறவு முறைக்கோ மாறானது ஒன்றுமில்லை. ஆயினும், அண்டி வாழும் தங்கையின் மகனுக்கு மகளைக் கொடுப்பதா என்ற செருக்கு முதலாளியை மறிக்கிறது. குலப்பெருமைக்கு ஏற்ற சம்பந்தம் தேடிய அந்தச் செருக்கு எத்தகைய மணமகனிடம் மகளை ஒப்படைத்தது என்பதையும், அதன் விளைவையும் நாவலைப் படித்தவர் மறக்க மாட்டார்கள்.

இந்நாவலைப் பழைமைக்கும் புதுமைக்கும் நடந்த போராட்டமாகப் படிப்பது வழக்கம். ஆங்கிலப் பள்ளிக்கூடத்தை முதலாளி எதிர்ப்பதும், ஆசிரியர் மெஹபூப்கான் படும் பாடும், சுறாப்பீலி வணிகம் செய்யும் மஹ்மூது அடங்க மறுப்பதும் அப்படிப்பைத் தாங்கக் கூடியனவே. ஆனால் மீரானின் கலைத்திறம் நுட்பமாக வெளிப்படுவது வீட்டுக் கணக்கிலேயே என்பது என் கருத்து. வடக்கு வீட்டின் செல்வம் தென்னையிலிருந்து வருவது. தென்னையை நம்பி வாழும் கடற்கரையில் எதுவும் வீணாவதில்லை. ஓலை கூரைக்குக் கிடுகாகும், ஈர்க்கு துடைப்பமாகும், மட்டை ஊறிக் கயிறாகும், சிரட்டை அகப்பையாகவும் அடுப்புக்கு எரியாகவும் பயன்படும், எஞ்சிய சாம்பலும் பாத்திரம் துலக்க உதவும். ஏழையின் குடிசையில் இக்கணக்கு ஒரு நாளும் தவறியதில்லை. தவறியது தோப்புக்குச் சொந்தக்காரரின் வீட்டில்தான். பெருமையைக் காக்கும் செலவு வருமானத்தை விழுங்க, உடைமை கைவிட்டுப் போகிறது.

பரீது அவ்வீட்டில் வளர்ந்தவன். அதன் நன்மை தீமைகளை அறிந்தவன். அவனை மருமகனாக ஏற்றிருந்தால் வடக்கு வீட்டுக்கு ஓர் உழைப்பாளி கிடைத்திருப்பான். தங்கைக்கு முதுமையில் நிம்மதி கிடைத்திருக்கும். மகள் பிறந்த இடத்திலேயே வாழ்ந்திருப்பாள். கையிலிருந்த இவ்வளவு செல்வத்தையும் முதலாளி வெளியே எறிந்தார். ஓலையையும் சிரட்டையையும் வீணாக்காத ஊரில் மூன்று உயிர்கள் வீணாயின. இந்த முரணை ஆசிரியர் தம் கூற்றாக எங்கும் விளக்குவதில்லை. அதுவே நாவலின் சிறப்பு எனலாம்.

மலையாளம் கலந்த அந்நிலத்துத் தமிழ் சில வாசகர்க்கு முதலில் கரடுமுரடாகத் தோன்றக்கூடும். 1956 நவம்பர் வரை திருவிதாங்கூரோடு இணைந்திருந்த பகுதி அது என்பதை நினைத்தால் அம்மொழியின் வரலாறு விளங்கும். அதைச் செந்தமிழாக்கியிருந்தால் நூஹு பாத்திமாவின் அழுகை ஏட்டில் அழுத அழுகையாகப் போயிருக்கும்.

நாற்காலியில் சாய்ந்தவர்

'சாய்வு நாற்காலி'யில் மீரான் மேலும் ஒரு படி இறங்கிச் செல்கிறார். சவ்தா மன்ஸில் என்னும் பழம்பெரும் வீட்டில் முஸ்தபாக்கண்ணு சாய்வு நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். உழைப்பு என்பதை அறியாதவர். நாவின் ருசியை மட்டும் நன்கறிந்தவர். முன்னோர் புகழைப் பேசிக்கொண்டே, அவர்கள் தேடி வைத்த பொருள்களை ஒவ்வொன்றாக விற்று உண்கிறார். தட்டுமுட்டுச் சாமான்களும் மரப் பொருள்களும் ஒவ்வொன்றாகப் படியிறங்கிப் போகின்றன. வீடு நாளுக்கு நாள் வெறுமையாகிறது.

மீரான் திருநெல்வேலியில் மிளகாய் வற்றல் வணிகம் செய்து வாழ்ந்தவர். 2019 மே மாதம் மறைந்த அவருடைய எழுத்து முழுவதிலும் ஒரு வணிகரின் கண் விழித்திருக்கக் காணலாம். ஒரு பொருள் எவ்வளவு பெறும், எவ்வளவுக்குப் போயிற்று, இடையில் யார் தின்றார் என்பதை அக்கண் தவறவிடாது. தன் காலத்தில் ஒரு மரப் பலகையைக்கூடச் செய்யாத மனிதன், பல தலைமுறை நிலைக்கும்படி செய்யப்பட்ட மரவேலைகளை ஒரு வேளை உணவுக்காகக் கைமாற்றுவதைப் படிக்கையில் நம் மனம் பதைக்கிறது. வருங்காலத்துக்குரியதை இன்றே தின்று தீர்ப்பது என்பதற்கு இதனினும் தெளிவான சித்திரத்தைத் தமிழ்ப் புனைகதையில் நான் கண்டதில்லை. காடழிவைப் பற்றியும் நிலத்தடி நீரைப் பற்றியும் எழுதப்பெறும் அறிவுரை நூல்கள் பல செய்ய முடியாததை இந்த நாற்காலி செய்துவிடுகிறது.

ஆனால் இந்நாவலின் உண்மையான இழப்பு மரப் பொருள்களில் இல்லை. மனைவி மரியமும் உடன்பிறந்தாள் ஆசியாவும் அவ்வீட்டில் இருக்கிறார்கள். அடுப்பெரிவதும் மானம் காக்கப்படுவதும் பெண்களாலேயே. முஸ்தபாக்கண்ணுவோ அவர்களை ஆள்வதற்குரியவர்களாகக் காண்கிறாரேயன்றி, வீட்டைக் காப்பவர்களாக ஒருபோதும் கண்டதில்லை. சாமான்கள் வெளியேறும் முன்பே அவ்வீட்டை விட்டு மதிப்பு வெளியேறிவிட்டது. மரப் பொருள்களை விற்றது அதன் தொடர்ச்சியே. இந்த வரிசையை மீரான் சரியாகப் பிடித்தார் என்பதால்தான், பழைய தறவாட்டு வீடுகளின் வீழ்ச்சியைப் பாடும் ஏக்கக் கதைகளிலிருந்து 'சாய்வு நாற்காலி' வேறுபட்டு நிற்கிறது. வீழ்ந்த வீட்டுக்காக நம்மை அழச் சொல்லாமல், அதில் வாழ்ந்த பெண்களுக்காக அழ வைக்கிறது.

அடுக்களையின் உள்ளிருந்து

மீரானின் பார்வை பெரும்பாலும் திண்ணையிலிருந்து உள்ளே செல்வது. சல்மாவின் பார்வை அடுக்களையிலிருந்து புறப்படுவது. 'இரண்டாம் ஜாமங்களின் கதை'யில் சிறுமி ராபியாவின் கண்கள் வழியாக நாம் ஒரு கூட்டுக் குடும்பத்துள் நுழைகிறோம். அவள் தாய் ஸொஹ்ராவும் பெரியம்மா ரஹிமாவும் ஒரே வீட்டில் வாழும் ஓரகத்திகள். ரமலான் மாதத்தின் இரவுச் சமையலும், அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிப் பேசும் பேச்சும், வெளிநாட்டிலிருந்து வரும் ஆண்களை எதிர்நோக்கும் வீடுகளும் இந்நாவலில் நிறைந்துள்ளன.

நம் பெண்கள் ஒரு வீட்டை எவ்வளவு குறைந்த பொருளில் எவ்வளவு நிறைவாக நடத்துகிறார்கள் என்பதை இதைப் போல் காட்டிய நூல்கள் மிகச் சில. பண்டங்கள் வீடு வீடாகக் கைமாறுகின்றன. ஒருத்தியின் பிள்ளையை மற்றொருத்தி இடுப்பில் சுமக்கிறாள். ஒரு வீட்டு விசேடம் தெருவின் உழைப்பால் நடந்தேறுகிறது. இல்லாமையை ஒருவரோடொருவர் பகிர்ந்துகொண்டு போதுமானதாக்கும் கலை இது. 1938-இல் நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 'காதலா கடமையா' என்ற நாவலை வெளியிட்ட நாளிலிருந்து, முஸ்லிம் பெண் எழுத வருவதே ஒரு செய்தியாக இருந்தது. சல்மாவிடம் அது செய்தி என்னும் நிலையைக் கடந்து அறிவாக முதிர்ந்திருக்கிறது. வீட்டு வேலையை அறிந்தவர் மட்டுமே எழுதக்கூடிய அறிவு அது.

இவ்வளவு செட்டாக நடக்கும் இத்தெருவிலும் விரயம் நிகழ்கிறது. கணவனை ஏற்காது மணமுறிவு பெற்றுத் தாய் வீட்டிற்குத் திரும்பிய பிர்தவ்ஸுக்கு, அந்த வீட்டில் உண்ண இடமுண்டு, வாழ இடமில்லை. மணவிலக்கைப் பெண்ணுக்கும் உரிமையாக்கி, மறுமணத்தையும் அனுமதித்த மார்க்கத்தைப் பின்பற்றுவோர், திரும்பி வந்த மகளை ஆறாத புண்ணாக ஒளித்து வைக்கின்றனர். அவளது முடிவு பிறந்த வீட்டுக்குள்ளேயே நேர்கிறது. அதுபோலவே, வேலை செய்து பிழைக்கும் பாத்திமா வேற்று மதத்தவனோடு ஊரை விட்டுச் சென்றதும், அதற்கான தண்டனை அவளுடைய ஏழைத் தாய் நூரம்மா மீது விழுகிறது. பேரனை வைத்துக்கொண்டிருக்கும் அந்த மூதாட்டியையும் குடும்பம் என்று எண்ண ஊருக்கு மனமில்லை. பாத்திமாவின் செயலை ஒருவர் ஏற்காமலிருக்கலாம். ஆயினும் ஒருவரின் செயலுக்காகப் பாட்டியையும் பேரனையும் பட்டினி போடும் நீதி எந்த நூலில் எழுதப்பட்டுள்ளது என்ற கேள்வியைப் படிப்பவர் தமக்குள் கேட்டேயாக வேண்டும்.

மிஞ்சிய கறிக்கும் கிழிந்த துணிக்கும் மறுபயன் கண்ட சமுதாயம், மணமுறிவு பெற்ற இருபது வயதுப் பெண்ணுக்கு மறுவாழ்வு காணவில்லை என்பதே சல்மாவின் நாவல் நமக்கு அளிக்கும் வேதனை. நான் அறிந்தவரை, நம் எழுத்தில் இவ்வேதனை இத்துணை உள்ளிருந்து சொல்லப்பட்டதில்லை.

சில குறைகள்

இந்நூல்களைப் போற்றுமளவுக்கு அவற்றின் போதாமைகளையும் சொல்வது திறனாய்வாளனின் கடமை. மீரானின் பெண்கள் துயருறுகிறார்கள். அத்துயரினூடே அவர்கள் செய்யும் வேலையின் நுட்பம் நமக்குப் போதிய அளவு காட்டப்படுவதில்லை. மரியம் அந்த வெறும் வீட்டில் ஒரு நாளை எப்படிக் கடத்தினாள் என்பதை மணிக்கு மணி எழுதியிருந்தால், நாற்காலியின் சோம்பல் இன்னும் வெட்கத்துக்குரியதாக விளங்கியிருக்கும். சல்மாவின் நாவலிலோ பெண்களின் பட்டியல் நீள்கிறது. ஒருத்தியின் துயரம் மற்றொருத்தியின் துயரத்தோடு கலந்து, சில இடங்களில் முகங்கள் மங்குகின்றன. ஆண்கள் அங்கே ஆணையிடவும் தவறிழைக்கவும் மட்டுமே வருகிறார்கள். கடல் கடந்து கூலிக்கு உழைத்து, ஒரு சட்டையை நான்காண்டு உடுத்தி, மிச்சம் பிடித்து அனுப்பிய சபுராளியின் சிக்கனமும் தியாகமும் இந்த வீட்டைத் தாங்கிய தூண்களுள் ஒன்றன்றோ? அத்தூண் நாவலில் நிழலாகவே நிற்கிறது.

மூன்று நாவல்களுக்கும் பொதுவான குறை ஒன்றுண்டு. சிதைந்த வீடுகளையே இவை காட்டுகின்றன. சிதையாது நின்ற வீடு ஒன்றையும் காட்டவில்லை. அத்தகைய வீடுகள் நம்மிடையே இல்லாமற் போகவில்லை. பத்தமடையில் தாமிரபரணிக் கரைக் கோரையைக் கொண்டு முஸ்லிம் குடும்பங்கள் பாய் நெய்தன. பெண்களின் கைத்திறனே அங்கே குடும்பத்தின் மூலதனமாயிற்று. நீரும் கோரையும் சாயமும் பொறுமையும் தவிர வேறு எதையும் அத்தொழில் பெரிதாகக் கேட்பதில்லை. கிழிந்த பாயும் மண்ணோடு மண்ணாகும். கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற ஊர்களில் ஒரு சஹனைச் சுற்றிச் சிலர் அமர்ந்து ஒரே தட்டில் உண்ணும் வழக்கம் விருந்துகளில் இன்றும் காணப்படுகிறது. செல்வனும் கூலியாளும் ஒரே சஹனில் கைவைத்து உண்பது சமத்துவத்தின் அடையாளம் என்று மேடைகளில் சொல்கிறோம். கழுவும் பாத்திரம் குறைகிறது, இறைக்கும் நீர் குறைகிறது, வீணாகும் சோறு குறைகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். பள்ளிவாசலின் நோன்புக் கஞ்சியும் அத்தகையதே. ஒரே கொப்பரை ஊர் முழுவதற்கும் உணவாகிறது. வாங்க வரும் பாத்திரம் யாருடையது என்று எவரும் கேட்பதில்லை. கைம்பெண்ணின் தூக்குச் சட்டியும் கோடீசுவரரின் தூக்குச் சட்டியும் ஒரே வரிசையில் காத்திருக்கின்றன. இத்தகைய காட்சிகள் ஒரு பெரிய நாவலின் நடுவிடத்தைப் பிடிக்கத் தகுந்தவை. நம் எழுத்தாளர் அவற்றை ஓரத்தில் அலங்காரமாக வைத்துவிட்டுப் போகிறார்கள்.

ஆனால் பழைய வழக்கம் என்பதனாலேயே எதையும் போற்றிவிடலாகாது. பெண்ணுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் பெண்ணுக்குக் காவலாக இருக்கும் அதே வேளையில், மகளுக்கொரு வீடு கட்டவேண்டிய சுமையை வாப்பாவின் தோளில் ஏற்றுகிறது. அச்சுமைக்காகவே இளமை முழுவதும் அயல்நாட்டில் கழித்தோர் எத்தனை பேர்! அவ்வாறு கட்டப்பட்ட பெரிய வீடுகள் சில ஊர்களில் பூட்டிக் கிடக்கின்றன. மண்ணும் மணலும் சிமெண்டும் ஆயுளும் சேர்த்துக் கட்டிய வீட்டில் விளக்கேற்ற ஆளில்லை என்றால், அதை விரயம் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது? அந்தப் பூட்டிய வீட்டை நடுவில் வைத்து நாவல் எழுத வருவோர்க்கு மீரான் வழி காட்டியிருக்கிறார்.

ஓர் ஆட்சேபம்

இத்தகைய நாவல்கள் சமுதாயத்தின் அழுக்கை அந்நியர் முன் வெளுக்கின்றன என்ற ஆட்சேபம் மீரானுக்கும் எழுந்தது. சல்மாவுக்கு அதனினும் கடுமையாக எழுந்தது. இவ்வாறு சொல்வோரின் உள்நோக்கத்தை நான் ஐயுறவில்லை. நம்மைப் பற்றிப் பிறர் பொய்யாக எழுதியவை ஏராளமாக இருக்கையில், நம்மவரே நம் குறையை எழுதும்போது மனம் துணுக்குறுவது இயல்பே. ஆயினும் இந்நாவல்களை ஒருமுறை அமைதியாகப் படிக்க வேண்டுமென அவர்களைக் கேட்டுக்கொள்வேன். மீரானும் சல்மாவும் மார்க்கத்தைப் பழிக்கவில்லை. மார்க்கம் கொடுத்த இடத்தை ஊர் பறித்துக்கொண்ட கதையையே எழுதியிருக்கிறார்கள். அண்டி வாழும் தங்கை மகனும், திரும்பி வந்த மகளும், பேரனை வளர்க்கும் பாட்டியும் குடும்பத்துக்குள் கண்ணியமாக இருக்க உரிமையுடையவர்கள் என்பதற்கு நம் மார்க்க வரலாறே சாட்சி.

ஓடும் ஆற்றின் கரையில் ஒளு செய்யும்போதும் நீரை அளவுக்கு மேல் செலவிடலாகாது என்ற நபிமொழியை நாம் சிறுவயது முதற்கொண்டு கேட்டு வந்திருக்கிறோம். வீண்விரயத்தைத் திருமறை எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறது என்பதும் நாம் அறியாததன்று. அந்தக் கண்டனத்தை நீருக்கும் சோற்றுக்கும் பொருத்திப் பார்க்கும் நாம், மனிதருக்குப் பொருத்திப் பார்க்கத் தவறிவிட்டோம். இம்மூன்று நாவல்களும் அந்தப் பொருத்தத்தைச் செய்து காட்டுகின்றன. அதனால்தான் இவற்றை நம் குடும்பங்கள் படிக்க வேண்டிய நூல்கள் என்று சொல்லத் துணிகிறேன்.

முடிவாக

மூன்றையும் தரம் பிரித்துச் சொல்ல வேண்டுமாயின், பொருளின் விரயத்தைக் காட்டுவதில் 'சாய்வு நாற்காலி'க்கு நிகரில்லை. மனிதரின் விரயத்தைக் காட்டுவதில் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' முந்தி நிற்கிறது. இவ்விரண்டையும் ஒரே கயிற்றின் இரு புரிகளாகத் திரித்துக் காட்டிய வகையில், முதல் நாவலான 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யே என் மனத்தில் உயர்ந்து நிற்கிறது. முதல் நாவலுக்குரிய சில தடுமாற்றங்கள் அதில் இருப்பினும் அதுவே முழுமையான வீடு.

இனி எழுத வருவோரிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. வீழ்ந்த வீடுகளைப் போதுமான அளவு பார்த்துவிட்டோம். கணவன் தொலைவிலிருக்க நான்கு பிள்ளைகளை ஆளாக்கிய பெண்ணின் வீட்டை எழுதுங்கள். தங்கை மகனைத் தன் மகனாக ஏற்ற தாய்மாமனின் வீட்டை எழுதுங்கள். மணமுறிவு பெற்று வந்த மகளுக்குக் கதவைத் திறந்து, மறுமணமோ கல்வியோ தொழிலோ அவள் விரும்பியதற்குத் துணைநின்ற வாப்பாவின் வீட்டை எழுதுங்கள். அவ்வீடுகளில் அரிசி எப்படி அளக்கப்பட்டது, எண்ணெய் எப்படி மிச்சப்பட்டது, பழைய சேலை எத்தனை தொட்டில்களாயிற்று என்பவற்றையும் விட்டுவிடாமல் எழுதுங்கள். அவை இலக்கியத்துக்குப் புறம்பானவை என்று யாரேனும் சொன்னால், ஒரு நாற்காலியை வைத்துக்கொண்டு மீரான் என்ன செய்தார் என்பதை அவருக்குக் காட்டுங்கள்.

படிக்கும் குடும்பத்தினருக்கும் ஒரு சொல். இந்நூல்களை வீட்டில் ஒருவர் மட்டும் படித்து மூடிவைப்பதால் பயனில்லை. உம்மாவும் மகளும் மருமகளும், முடிந்தால் வாப்பாவும் மகனும், ஒருவர் பின் ஒருவராகப் படிக்க வேண்டும். படித்தபின் நம் வீட்டில் நூஹு பாத்திமாவின் இடத்தில் இருப்பவர் யார் என்று பேசிப் பாருங்கள். அவருக்கு உணவு மட்டும் கிடைக்கிறதா, வீட்டுக் காரியங்களில் சொல்லும் கிடைக்கிறதா என்பதையும் கேட்டுப் பாருங்கள்.